வீட்டு மனைக்கும் வயலுக்கும் நடுவே கோடு போடுவது எப்படி: டெல்டா ஊராட்சிகளுக்கான முழுமையான வழிகாட்டி

நஞ்சையில் கல் நட்டு, கலர்க் கொடி கட்டி, ‘மனைகள் விற்பனைக்கு’ என்று பேனர் வைத்த பிறகுதான் பெரும்பாலான ஊர்கள் விழித்துக்கொள்கின்றன. அப்புறம் மறியல், மனு, வழக்கு. அந்தக் கட்டத்தில் முன்பணம் கைமாறியிருக்கும். விற்றவரும் ஊர்க்காரர், எதிர்ப்பவரும் ஊர்க்காரர். பேச்சு எடுபடாது.

இந்த வழிகாட்டி அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைக்கானது. அடுத்த 10 ஆண்டுக்கு ஊருக்கு எத்தனை வீடு வேண்டும், அவை எங்கே வரலாம், எந்த வயலைத் தொடவே கூடாது என்று ஊரே ஒரு வரைபடத்தில் குறித்துவைக்கும் வேலை. காவிரி டெல்டாவில் மூன்று ஊர்களில் கூட இருந்து செய்திருக்கிறேன். ஒன்றில் நன்றாகவே சொதப்பினோம். ஏரிப் பாசன ஊர்க்காரர்கள் வாய்க்கால் என்று வரும் இடத்தில் மடை, கலிங்கு என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வரைபடத்துக்குத் தனியாகச் சட்ட வலு கிடையாது. மனைப்பிரிவு விண்ணப்பம் வரும்போது அதிகாரியின் மேசையில் வைக்க ஊரின் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும், அதுதான் இது. ‘வயலைக் காப்பாத்துங்க’ என்ற மனுவை ஓரமாக வைத்துவிடலாம். ‘இந்தச் சர்வே எண் வழியாகத்தான் கீழே உள்ள 40 ஏக்கருக்குத் தண்ணீர் போகிறது, வீட்டுக்கு இடம் இதோ இங்கே ஒதுக்கியிருக்கிறோம்’ என்ற மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காகிதங்கள்: கிராம வரைபடம், அ-பதிவேட்டு (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு) நகல், கடைசி ஐந்து பசலிக்கான (ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய்க் கணக்கு ஆண்டு) அடங்கல் (எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்ற பதிவு), வாய்க்கால் ஓரச் சர்வே எண்களுக்குப் புலப்படம் (அளவு குறித்த நில வரைபடம்). அ-பதிவேடும் புலப்படமும் வருவாய்த்துறை இணையதளத்தில் சர்வே எண் வாரியாகக் கிடைக்கும். பழைய அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) அலுவலகம்தான். ஜமாபந்தி (ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை) நேரத்தில் கேட்காதீர்கள். அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

ஆட்கள்: தலைமடையில் (தண்ணீர் முதலில் வரும் பக்கம்) ஒருவர், கடைமடையில் (கடைசியில் வரும் பக்கம்) ஒருவர், வயலுக்குத் தண்ணீர் கட்டும் வேலை செய்பவர் ஒருவர், குடியானத் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் குறைந்தது இரண்டு பெண்கள், ஒரு குத்தகைதாரர், கைப்பேசியில் வரைபடம் பார்க்கத் தெரிந்த ஓர் இளைஞர். நிலம் வைத்திருப்பவர்கள் மட்டுமே உட்கார்ந்து போட்ட கோட்டை நிலம் இல்லாதவர்கள் ஏன் மதிக்க வேண்டும்?

காலம்: மூன்று மாதம் போதும், ஆனால் எந்த மூன்று மாதம் என்பது முக்கியம். தண்ணீர் வரும் வழியைப் பார்க்க மேட்டூர் திறந்து தண்ணீர் ஊருக்குள் வந்திருக்க வேண்டும். வடியும் வழியைப் பார்க்க ஐப்பசி, கார்த்திகை அடைமழை வேண்டும். கோடையில் சுற்றினால் எல்லா நிலமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

1. ஊர் எந்த விதிக்குள் வருகிறது என்று பாருங்கள்

ஊராட்சி ஒரு நகரின் முழுமைத் திட்டப் (மாஸ்டர் பிளான்) பகுதிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களை ஒட்டிய பல கிராமங்கள் உள்ளே இருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கே அது தெரியாது.

உள்ளே இருந்தால், உங்கள் வயல் ஏற்கெனவே ஏதோ ஒரு நிறத்தில் வரைபடத்தில் இருக்கும். விவசாயப் பயன்பாடு என்றிருந்தால் மனை போட முதலில் அந்த வகைப்பாட்டை மாற்றியாக வேண்டும். திட்டத்தைத் திருத்தும்போது பொதுமக்கள் ஆட்சேபம் கேட்பார்கள். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் அடுத்த திருத்தம் வரப் பல ஆண்டு ஆகும்.

வெளியே இருந்தால், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவும் 2017-இல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளும் பொருந்தும். விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற ஊராட்சியின் முன் அனுமதி வேண்டும். அதற்கு நகர் ஊரமைப்புத் துறையின் இசைவும் வேண்டும். நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் கருத்தும் வேளாண் இணை இயக்குநரின் கருத்தும் கேட்கப்படும். உங்கள் வரைபடம் போய்ச் சேர வேண்டிய மேசைகள் இவைதான்.

இங்கே புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. ‘நம்மூர்தான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாச்சே, யாரும் பிளாட் போட முடியாது’ என்று நிம்மதியாக இருந்துவிடுவது. 2020-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலைகள் போன்ற குறிப்பிட்ட தொழில்களை. வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை.

2. வீட்டுத் தேவையை எண்ணுங்கள்

எல்லோரும் வயலிலிருந்துதான் தொடங்க ஆசைப்படுவார்கள். வேண்டாம். வீட்டிலிருந்து தொடங்குங்கள். வீடு எங்கே கட்டலாம் என்று சொல்லாமல் எங்கே கட்டக்கூடாது என்று மட்டும் சொல்லும் தீர்மானம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

முதல் கூட்டத்திலேயே இதை எனக்கு உறைக்கச் சொன்னவர் நடவுக்குப் போகும் ஓர் அம்மா. நாங்கள் ஒரு மணி நேரம் நஞ்சையின் பெருமை பேசி முடித்த பிறகு எழுந்தார். “வயலக் காப்பாத்துங்க தம்பி, வேணாங்கல. எங்க வீட்டுல ஒரு கூரைக்குக் கீழ மூணு அடுப்பு எரியுது. கைப்புள்ளையோட மருமவ எங்க படுப்பா, அதையும் அந்த நோட்டுல எழுதிக்குங்க.” அன்றைக்கு நோட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதினோம்.

தெருத் தெருவாகப் போய் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு கூரைக்குக் கீழே எத்தனை அடுப்பு? சொந்த மனை இருந்தும் வீடு கட்டாமல் இருக்கிறீர்களா? வீடு நீர்நிலைப் புறம்போக்கில் இருக்கிறதா? அடுத்த 10 ஆண்டில் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகப்போகும் பிள்ளைகள் எத்தனை பேர்? ரேஷன் கார்டு எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். வெளியூர் போனவர் கார்டு ஊரிலேயே இருக்கும். தனியாகச் சமைக்கும் மகனுக்குக் கார்டு பிரித்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். குளக்கரையிலும் வாய்க்கால் கரையிலும் இருக்கும் வீடுகளை நீதிமன்ற உத்தரவின் பேரில் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். அந்த நாளில் அவர்களுக்கு இடம் தேடி ஓட முடியாது.

இப்போது கணக்கு. புரிவதற்காக 300 வீடு உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். கூடுதலாக 60 குடும்பத்துக்கு இன்றே வீடு வேண்டும். அதில் 25 பேரிடம் மனை இருக்கிறது, கட்டப் பணம்தான் இல்லை. 15 பேருக்கு நத்தத்துக்குள்ளேயே (ஊர்க் குடியிருப்பு நிலம்) இடம் பிறக்கும். மீதி 20. அடுத்த 10 ஆண்டுக்கு இன்னும் 40 என்று தாராளமாக வைத்தாலும் தேவை 60 மனை.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சாலைக்கும் பொது இடத்துக்கும் 30 விழுக்காடு போனால் 1,200 சதுர அடியில் 25 மனை வரும். 60 மனைக்கு இரண்டரை ஏக்கர், தாராளமாக மூன்று. அதே ஊரில் ஒரு நிறுவனம் 22 ஏக்கர் நஞ்சையை மடக்கி மனை போடுகிறது என்றால் அது 550 மனை. ஊருக்கு வீடு வேண்டாமா என்று அவர்கள் கேட்கும்போது இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

வெளியூர்த் தேவை என்றும் ஒன்று இருக்கிறது. பக்கத்து நகரில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே குடிவர நினைப்பவர்கள் இருக்கலாம். அதைத் தனி வரியாக எழுதுங்கள். வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறும் வரை காத்திருப்பவரைத் தேவையில் சேர்க்காதீர்கள். பக்கத்தில் பத்து ஆண்டுக்கு முன் போட்ட லேஅவுட்டில் எத்தனை வீடு எழும்பியிருக்கிறது, எத்தனை மனையில் சீமைக்கருவேல் முளைத்திருக்கிறது என்று ஒரு நடை போய் எண்ணிவிட்டு வாருங்கள். இந்த வேலையில் இதைவிட நல்ல பாடம் இல்லை.

3. நத்தத்துக்குள் என்ன இடம் இருக்கிறது

வயலைத் தொடும் முன் குடியிருப்புக்குள் இருக்கும் காலி இடத்தைப் பாருங்கள். சாலை, மின்கம்பம், குடிநீர்க் குழாய் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

பூட்டிய வீடு, இடிந்த வீடு, பாகம் பிரியாத கொல்லை என்று மூன்று வகை கிடைக்கும். பூட்டிய வீட்டுக்காரர் பெரும்பாலும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். திருவிழாவுக்கு வரும்போது பேசுங்கள். பாகம் பிரியாத கொல்லைதான் கடினம். அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு, நத்தம் பட்டாவை உட்பிரிவு செய்தால்தான் அரசு வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியும். பிரதமர் வீட்டுத் திட்டமானாலும் கலைஞரின் கனவு இல்லமானாலும் சொந்த மனைக்குப் பட்டா கேட்பார்கள். அதனால் சர்வேயரை ஒருநாள் ஊருக்கு அழைத்துவந்து பத்து மனுவை ஒன்றாக முடிப்பது தனித்தனியாக அலைவதைவிட எளிது.

மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர், நெல் காயவைக்கும் களம் ஆகியவற்றைக் காலி இடமாக எண்ணாதீர்கள். களத்தில் வீடு வந்தால் நெல் தார்ச்சாலைக்கு வரும். நத்தத்தில் இடம் கிடைத்தது என்று எழுதிவிட்டு விவசாயத்தின் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்போம்.

4. தண்ணீர் வரைபடம் போடுங்கள்

எவ்வளவு நேரம் எடுத்தாலும் பரவாயில்லை என்று செய்ய வேண்டிய படி இது. நஞ்சையைக் கெடுப்பது அதில் வீடு வருவது மட்டுமல்ல. நடுவில் வரும் வீடு கீழே இருக்கும் வயல்களின் தண்ணீரை மறிப்பது. 5 ஏக்கர் லேஅவுட்டால் 50 ஏக்கர் தரிசாகும். அந்த 50 ஏக்கர் அடுத்த லேஅவுட் ஆகும்.

வருவாய் வரைபடத்தில் நீர்வளத் துறை வாய்க்காலும் புறம்போக்கு வாய்க்காலும் இருக்கும். பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும் கன்னி எனப்படும் சின்ன வாய்க்கால் பெரும்பாலும் எந்தக் காகிதத்திலும் தனியாக இருக்காது. வயலுக்கு வயல் மடை திறந்து பாயும் வழியும் இருக்காது. காகிதத்தை மட்டும் பார்த்துக் கோடு போட்டால் ஊரின் பாதிப் பாசனம் உங்கள் கண்ணுக்கே தெரியாது.

எனவே நடக்க வேண்டும். கிராம வரைபடத்தைப் பெரிதாக நகலெடுத்து அட்டையில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் கட்டுபவரை முன்னால் விட்டு மதகிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மடையிலும் நின்று ஒரே கேள்விதான்: இது அடைபட்டால் எந்த வயல் வரை காயும்? அவர் கை நீட்டும் இடத்தின் சர்வே எண்ணைக் குறியுங்கள். நாங்கள் போனபோது ஒரு வரப்பில் முக்கால் அடி அகலத்தில் ஒரு வெட்டு இருந்தது. எலி வளை என்று தாண்டிப் போயிருப்பேன். தண்ணீர் கட்டுபவர் மண்வெட்டியால் அதன் வாயைக் கீறிக் காட்டினார். அந்த வெட்டு வழியாகத்தான் ஆறு குடும்பத்தின் ஒன்பது மா நிலத்துக்குச் சம்பாத் தண்ணீர் போகிறது. மூன்று மா ஓர் ஏக்கர். ஆக மூன்று ஏக்கரின் உயிர் முக்கால் அடி.

அடுத்து வடிகால். இது மழையில். 2020 டிசம்பரில் புரெவி மழையிலும் 2021 ஜனவரி மழையிலும் எந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். அறுவடைக்கு நின்ற கதிர் முளைத்த வயலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லேஅவுட்டுக்குச் செம்மண்ணோ கிராவலோ அடித்து இரண்டு மூன்று அடி உயர்த்தினால், அங்கே நின்றிருக்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வயலுக்கும் பழைய தெருவுக்கும் போகும்.

மூன்றாவது, வழி. அறுவடை எந்திரம், டிராக்டர், நாற்றுக்கட்டு ஏற்றிய வண்டி எந்தப் பாதையில் வயலுக்குப் போகின்றன என்று வேறு நிறத்தில் வரையுங்கள். எந்திரம் போக முடியாத வயலை இன்றைக்கு யாரும் குத்தகைக்குக்கூடக் கேட்பதில்லை. சுடுகாட்டுப் பாதையையும் இதிலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் தகராறு வரும் இடம் அது.

ஏரி உள்ள ஊரில் ஒரு கூடுதல் வேலை: ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் அந்த ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். யாருக்கு மனு எழுதுவது என்பது இதைப் பொறுத்தது.

5. கோடு போடுங்கள்

இப்போதுதான் வண்ணப் பென்சிலை எடுக்க வேண்டும். மூன்று நிறம் போதும். ஐந்தாறு வகை வைத்த ஊரில், எது என்ன நிறம் என்று விளக்கியே கூட்டம் முடிந்துபோனது.

பச்சை, தொடக்கூடாதது. பல வயலுக்குத் தண்ணீர் கடத்தும் நிலம், இருபோகமோ முப்போகமோ விளையும் நிலம், வெள்ளம் தங்கும் பள்ளம், வடிகாலின் இரு கரை. ஐந்து பசலி அடங்கலில் குறுவை, சம்பா, தாளடி, உளுந்து என்று எது எத்தனை முறை ஏறியிருக்கிறது என்று பார்த்தால் போகம் தெரிந்துவிடும்.

சிவப்பு, வீடு வரலாம். நத்தத்தை ஒட்டிய திடல், மேட்டுக் கொல்லை, ஏற்கெனவே மூன்று பக்கமும் வீடு சூழ்ந்து தண்ணீர் அறுபட்ட வயல். உங்கள் கணக்கில் வந்த மூன்று ஏக்கரும் இங்கே நிச்சயம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பச்சையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். கணக்கைக் குறைத்து எழுதிச் சமாளிக்காதீர்கள்.

மஞ்சள், கேட்டுத்தான் செய்ய வேண்டும். மீதி எல்லாம்.

எல்லையைச் சர்வே எண்ணின் கோட்டில் நிறுத்தாமல், முடிந்தவரை வாய்க்காலிலோ கண்ணாற்றிலோ சாலையிலோ நிறுத்துங்கள். ஒரே கன்னியில் பாயும் பத்து வயலில் நான்கு சிவப்பு, ஆறு பச்சை என்று வெட்டினால் பத்தும் ஒருநாள் சிவப்பாகிவிடும்.

நாங்கள் சொதப்பியது இந்தப் படியில்தான். கடைமடைப் பக்கம் நான்கு ஏக்கர் களர் நிலம். நெல் சரியாக வராது. ‘விளையாத நிலம், வீட்டுக்குக் கொடுத்துடலாம்’ என்று எல்லோரும் ஒரே மனதாகத் தலையாட்டினோம். கார்த்திகையில் போய்ப் பார்த்தால் முழங்கால் தண்ணீர். நெல்லுக்கு ஆகாத நிலம் மனிதருக்கு ஆகும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இன்னும் வெட்கமான விஷயம், அந்த மனைகள் யாருக்கு என்று நினைத்திருந்தோம் என்பது. காலனிக்காரர்களுக்கு. கூட்டத்தில் அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. வரைபடத்தைக் கிழித்துவிட்டு மறுபடி போட்டோம்.

இன்னொரு பிழை, சாலையோரம் முழுக்கச் சிவப்பு அடிப்பது. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தார்ச்சாலை நெடுக ஒற்றை வரிசையில் வீடு வந்தால் பின்னால் இருக்கும் வயலுக்கு வழி அடைபடும். கழிவுநீர் நேரே வாய்க்காலில் விழும். நத்தத்தை ஒட்டி ஒரே திட்டாக இருப்பது எவ்வளவோ மேல். தவிர்க்க முடியாவிட்டால், எந்திரம் நுழைய வழி விட வேண்டிய இடங்களைக் குறித்தே ஆக வேண்டும்.

6. நிலக்காரர்களிடம் முதலில் வீட்டில் போய்ப் பேசுங்கள்

கிராம சபையில் ஒருவரின் சர்வே எண்ணைப் படித்து ‘இது பச்சை’ என்று அறிவித்துப் பாருங்கள். அன்றே அவர் புரோக்கரைக் கூப்பிடுவார். எங்கள் முதல் ஊரில் அப்படித்தான் நடந்தது. அவர்மேல் தப்பில்லை. பெண் கல்யாணத்துக்கு நம்பியிருந்த சொத்தின் விலை தன்னைக் கேட்காமலே குறைந்துவிட்டதாக அவருக்குப் பட்டது.

பச்சைக்குள் வரும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் இரண்டு பேர் போங்கள். விற்கும் எண்ணம் இருக்கிறதா, ஏன் என்று கேளுங்கள். கடனா, பார்க்க ஆள் இல்லையா, தண்ணீர் வரவில்லையா? தண்ணீர் பிரச்சினை என்றால் ஒரு மடையைச் சரிசெய்வதோடு முடியலாம். ஆள் இல்லை என்றால் குத்தகைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கலாம். பணம்தான் தேவை என்றால், ஊருக்குள் விவசாயம் செய்ய வாங்கக்கூடியவர் இருக்கிறாரா என்று பாருங்கள். அல்லது சிவப்பில் திடல் வைத்திருக்கும் பங்காளியோடு பரிவர்த்தனைப் பத்திரம் போட முடியுமா என்று பாருங்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர் நிலத்தை மஞ்சளில் வைத்துக் காரணத்தை எழுதுங்கள். பொய்யாக ஒருமித்த கருத்து என்று எழுதிய வரைபடம் முதல் ஆட்சேபத்திலேயே விழும்.

குத்தகைதாரரை மறந்துவிடாதீர்கள். விற்பனையில் பணம் வாங்குபவர் ஒருவர், பிழைப்பு போவது இன்னொருவருக்கு. அவர் பெயர் குத்தகைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1955-ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை. கோயில் நிலம் நிறைய உள்ள ஊரானால், அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது என்பது உங்களுக்குச் சாதகம். அதைப் பச்சையின் நடுத்தண்டாக வைத்து மற்றதைச் சுற்றி வரையலாம்.

கேரளத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2008-இல் வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு கண்காணிப்புக் குழு. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகள் அதில் உண்டு. வேறு இடமே இல்லாதவர் சொந்த வீடு கட்ட ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை அனுமதிக்கலாம். இங்கே அப்படி இல்லை. ஆனாலும் அந்த விதிவிலக்கை நம் வரைபடத்தில் எழுதிக்கொள்வது நல்லது. தன் ஒரே நிலத்தின் ஓரத்தில் வீடு கட்டும் விவசாயியையும் 500 மனை போடும் நிறுவனத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

7. கிராம சபையில் தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். மார்ச் 22 தண்ணீர் தினம். தண்ணீர் வரைபடத்தை முன்வைக்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பு வந்தது. அப்படித் தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை கூடும், தீர்மானம் போடலாம்.

குறைவெண் வரம்பை (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) பாருங்கள். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கையெழுத்து குறைந்தால் தீர்மானம் செல்லாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லும் முதல் வாதம் அதுவாகத்தான் இருக்கும்.

வரைபடத்தை ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகத்திலும் டீக்கடையிலும் மாட்டிவையுங்கள். சண்டை அங்கேயே நடந்து முடிந்துவிடும்.

தீர்மான வாசகம் உணர்ச்சியில் போகக் கூடாது. ‘விவசாயத்தை அழிக்கும் லேஅவுட்டை அனுமதிக்க மாட்டோம்’ என்பதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்:

“நமது ஊராட்சியின் அடுத்த 10 ஆண்டு வீட்டுமனைத் தேவை 60 எனக் கணக்கெடுப்பில் தெரியவந்துள்ளது (பட்டியல் 1). அதற்குப் போதுமான 3 ஏக்கர் நிலம் கீழ்க்கண்ட சர்வே எண்களில் அடையாளம் காணப்பட்டுள்ளது (பட்டியல் 2). பட்டியல் 3-இல் உள்ள சர்வே எண்கள் வழியாகப் பிற நிலங்களுக்குப் பாசனமும் வடிகாலும் செல்வதால், அவற்றில் நிலப் பயன்பாட்டு மாற்றம் கோரும் விண்ணப்பம் வரும்போது இணைப்பில் உள்ள வரைபடத்தைக் கருத்தில் கொண்டு, கிராம சபையில் வைத்த பின்னரே ஊராட்சி கருத்துத் தெரிவிக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்படுகிறது.”

நகலை வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டாட்சியர், நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகம், வேளாண் இணை இயக்குநர், நீர்வளத் துறை ஆகியோருக்குப் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி ஒப்புகைச் சீட்டைக் கோப்பில் வையுங்கள். கையில் கொடுத்துவிட்டு வந்த மனு காணாமல் போவதை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

8. மனைப்பிரிவு விண்ணப்பம் வரும்போது

வரைபடத்தை எடுங்கள், சர்வே எண் எந்த நிறம் என்று பாருங்கள். பச்சை என்றால் ஆட்சேபத்தோடு தண்ணீர் வரைபடத்தையும் தீர்மானத்தையும் இணைத்து அனுப்புங்கள். சிவப்போ மஞ்சளோ என்றால் இவற்றைக் கேளுங்கள்: குறுக்கே போகும் கன்னி அப்படியே விடப்படுகிறதா, குழாய் பதித்தால் எவ்வளவு அகலம்? எவ்வளவு உயரம் மண் அடிக்கப்போகிறார்கள், மழைநீர் எந்த வடிகாலில் சேரும்? கழிவுநீர் உறிஞ்சுகுழி வாய்க்காலிலிருந்து எவ்வளவு தூரம்? பின்னால் உள்ள வயலுக்கு வழி?

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 விழுக்காடு திறந்தவெளி ஊராட்சிக்குத் தானப் பத்திரமாக வர வேண்டும். அது எந்த இடத்தில் என்று பாருங்கள். பள்ளமான மூலையை ஒதுக்கிவிட்டுப் பூங்கா என்று எழுதியிருப்பார்கள். வடிகால் ஓரமாகக் கேட்டு வாங்கினால் வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளியாகவும் இருக்கும். சாலைக்கும் திறந்தவெளிக்கும் தானப் பத்திரம் பதிவாகும் முன் இறுதி அனுமதியில் யாரும் கையெழுத்துப் போடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதியே இல்லாமல் விற்பவர்களிடம் வேறு வித்தைகள் உண்டு. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு அனுமதி பெறாத புது மனையைப் பதிய விடாது. அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்குத்தான். அதனால் ‘பண்ணை நிலம்’ என்ற பெயரில் சென்ட் கணக்கில் விற்று, கூட்டுப் பட்டாவாக வைத்திருப்பார்கள். வாங்குபவர் பெரும்பாலும் பக்கத்து ஊர் ஏழைதான். ஊராட்சிப் பலகையில் அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளின் பட்டியலை ஒட்டினாலே பாதி வியாபாரம் படுத்துவிடும்.

இன்னொன்று மெதுவாக நடப்பது. நிலத்தை வாங்கி இரண்டு மூன்று ஆண்டு சாகுபடி செய்யாமல் போட்டுவைத்து, அடங்கலில் தரிசு என்று ஏறியதும் ‘விளையாத நிலம்’ என்று விண்ணப்பிப்பது. பழைய ஐந்து பசலி அடங்கலை முதல் நாளே எடுத்துவைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

9. ஆண்டுக்கு ஒருமுறை

பசலி ஜூன் 30-இல் முடியும். ஜமாபந்தி ஓய்ந்த பிறகு புது அடங்கல் நகலை வாங்கிக் கோப்பில் சேருங்கள். சிவப்பில் எத்தனை வீடு எழும்பியது, யாருக்கு இன்னும் மனை இல்லை என்று பட்டியல் 1-ஐத் திருத்துங்கள். மண் அடித்த இடங்களைக் கைப்பேசியில் தேதியோடு படம் எடுத்துவையுங்கள். தண்ணீர் வரைபடத்தில் மாறிய மடை இருந்தால், தண்ணீர் கட்டுபவரைக் கூட்டிக்கொண்டு அந்த வரப்பை மட்டும் மறுபடி நடந்துவிட்டு வாருங்கள். அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். வேலையை விட்டுவிட்டுத்தான் வருகிறார்.